மாதம் ஒரு லாரி: எங்கள் வீட்டு ஷவரை அளந்து மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டில் குளிப்பதற்கு மட்டும் மாதம் ஒரு லாரித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

லாரி என்றால் 12,000 லிட்டர். சென்னையில் மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இந்த எண் மனப்பாடம். போர் தண்ணி உப்பு, அதுவும் கோடையில் கீழே போய்விடும். லாரி வந்து சம்ப்பில் ஊற்றும், மோட்டார் மேல்தொட்டிக்கு ஏற்றும், அங்கிருந்து வீட்டுக்கு வீடு இறங்கும். லாரிக் காசை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்துவிடுவோம். தனித்தனி மீட்டர் கிடையாது. அதனால் யார் வீட்டில் எவ்வளவு போகிறது என்பது யாருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், மனைவி, பதினைந்து வயது மகன், என் அம்மா. அம்மா ராமநாதபுரம் பக்கம். சின்ன வயதில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊருணிக்கு நடந்தவர். இன்றைக்கும் ஒரு வாளி, ஒரு சொம்பு, அவ்வளவுதான் அவர் குளியல். மகன் ஷவருக்குள் போனால் கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. "அப்பத்தா குளிச்சு, பூசை முடிச்சு, காபியும் குடிச்சாச்சு, நீ இன்னும் வரலையா?" என்று மனைவி தினமும் கதவைத் தட்டுவாள். எனக்கு இது சத்தமாக மட்டும்தான் கேட்டது, கணக்காகப் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அளவு போட்ட வாளி எங்கும் தேட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலால் ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு லிட்டருக்கும் உட்புறம் மார்க்கரால் கோடு போட்டால் போதும். தரை சமமாக இருக்கும் இடத்தில் வாளியை வைத்துச் செய்ய வேண்டும். குளியலறைத் தரையில் வாட்டம் இருக்கும், அங்கே வைத்தால் கோடு சாய்ந்துவிடும். அப்புறம் ஷவரை முழுதாகத் திறந்து, அதன் வாய் முழுக்க வாளிக்குள் வரும்படி தூக்கிப் பிடித்து 20 விநாடி. மூன்று முறை பிடித்தேன். மூன்றிலும் 4 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. மூன்றால் பெருக்கினால் நிமிடத்துக்கு 12.6 லிட்டர். எங்களுடையது எட்டு இஞ்ச் அகலமான மழை ஷவர். வீட்டுக்கு உள்வேலை செய்தபோது அழகுக்காகப் போட்டது.

அடுத்த ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, வெளியே தண்ணிச் சத்தத்தை வைத்து நேரம் குறித்தேன். மகன் சராசரி 14 நிமிடம். நான் 8. மனைவி 7. அதாவது மகன் 176 லிட்டர், நான் 100, மனைவி 88. அம்மாவுக்கு 20. மொத்தம் 384 லிட்டர். முப்பது நாளுக்கு 11,520. கிட்டத்தட்ட ஒரு லாரி.

நம் நாட்டில் பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். சமையல், துவையல், கழிவறை எல்லாம் அதற்குள் அடக்கம். என் மகன் காலைக் குளியலிலேயே அதைத் தாண்டியிருந்தான். 2018 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து கேப் டவுனில் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. அவனுடைய ஒரு குளியலில் அங்கே மூன்று பேர் ஒரு நாளை ஓட்டியிருப்பார்கள்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 2019 அவனுக்கு நினைவிருக்கிறது, அப்போது ஒன்பது வயது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த ஜூன் மாதம். லாரிக்கு முன்பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்ததை டிவியில் பார்த்தோம். அப்போது நாங்கள் நாலு பேரும் ஆளுக்கு அரை வாளியில் குளித்தோம். அப்புறம் மழை வந்தது, ஏரி நிறைந்தது, மழை ஷவர் வந்தது. அரை வாளியில் குளிக்கத் தெரிந்த பையன்தான் 176 லிட்டரில் குளிக்கிறான். காரணம் எளிது. வாளியில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், தீர்ந்துபோகும். ஷவரில் இரண்டும் இல்லை. இந்த ஒன்றைச் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். அதுவும் ஏரியில் தண்ணீர் இருக்கும் காலத்திலேயே செய்துவிட வேண்டும். பஞ்சத்தில் செய்வதைக் கட்டாயம் செய்யவைக்கும். அது நிலைக்காது.

முதலில் செய்தது வேலைக்கு ஆகவில்லை. ஆஸ்திரேலியாவில் பெரும் வறட்சி வந்தபோது பிரிஸ்பேனில் 2007இல் வீடுகளுக்கு நாலு நிமிட ஷவர் டைமர் கொடுத்தார்கள். ஆளுக்கு நாளைக்கு 140 லிட்டர் என்று ஊரே சேர்ந்து இலக்கு வைத்துக் குறைத்தது. அதை நினைத்து நானும் ஒரு மணல் கடிகாரம் வாங்கி ஷவர் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். முதல் வாரம் மகன் 9 நிமிடத்துக்கு வந்தான். இரண்டாம் வாரம் 11. மூன்றாம் வாரம் கடிகாரத்தின் கண்ணாடியில் ஆவி படிந்து மணல் கட்டிக்கொண்டது, யாரும் அதைத் திருப்பவும் இல்லை. ஊர் முழுக்க ஒரே கவலையில் இருந்தபோது அங்கே அது நடந்தது. ஒரே ஒரு வீட்டில், ஒரே ஒரு பையன் தலைமேல் வைத்தால் அது காவல் மாதிரி ஆகிவிடுகிறது. மனைவியும் சொன்னாள்: "என்னங்க, குளிக்கிற நேரத்துலகூட அவனை விரட்டணுமா?" சரிதான் என்று கழற்றிவிட்டேன்.

நேரத்தை விட்டுவிட்டுக் குழாய்க்கு வந்தேன்.

ஷவர் தலையைக் கழற்றிப் பார்த்தால் துளைகளில் பாதி உப்பு அடைத்துக்கிடந்தது. லாரித் தண்ணியும் போர் தண்ணியும் கலந்து வரும் வீடுகளில் இது சகஜம். வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படியும். அடைத்த துளைகள் தண்ணீரைப் பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கின்றன. பாதித் தண்ணீர் உடம்பில் படாமல் சுவரில் போகிறது. ஒரு பாலித்தீன் பையில் வெள்ளை வினிகர் ஊற்றி, ஷவர் தலை முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஓர் இரவு விட்டேன். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. திரும்பவும் மாட்டி அளந்தால் நிமிடத்துக்கு 14 லிட்டர்! சுத்தம் செய்ததால் செலவு கூடிவிட்டது. ஆனால் சாரல் நேராக விழுந்தது, சோப்பு சீக்கிரம் போனது. சுத்தம் செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்று இதில் புரிந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செய்கிறேன்.

அடுத்து, தண்ணீர் மிச்சப்படுத்தும் ஷவர் என்று விற்கும் ஒன்றை வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் 7 லிட்டர். மாட்டி அளந்தால் 4.1 லிட்டர்தான். தூறல் மாதிரி விழுந்தது. மனைவிக்குத் தலை அலசி ஷாம்பு போகவே பத்து நிமிடம் ஆனது. 4.1 லிட்டர் வீதம் பத்து நிமிடம் என்றால் 41 லிட்டர், கூடவே எரிச்சல். பெட்டியை மறுபடி படித்தேன். பொடி எழுத்தில் '3 பார் அழுத்தத்தில்' என்று இருந்தது.

இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நம் வீடுகளில் தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து தன் எடையால் இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். எங்கள் கட்டடம் கீழே கார் நிறுத்தம், மேலே நாலு மாடி. தொட்டி மாடிப்படி அறையின் தலையில். நாங்கள் இரண்டாம் மாடி. எங்கள் ஷவருக்கும் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே சுமார் 10 மீட்டர். அதாவது ஒரே ஒரு பார். 3 பார் வேண்டுமென்றால் தொட்டி 30 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், அல்லது பிரஷர் பம்ப் வேண்டும். அழுத்தம் மூன்றில் ஒரு பங்கானால் தண்ணீர் மூன்றில் ஒன்றாகக் குறையாது, வர்க்கமூலக் கணக்கில் கிட்டத்தட்ட 58 சதவீதமாகும். 7 லிட்டரில் 58 சதவீதம் 4 லிட்டர். அளந்ததும் அதுதான். பெட்டியில் போட்டது பொய் இல்லை, என் வீட்டுக்கு அது பொருந்தவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாலு இஞ்ச் அகலத்தில் பொடித் துளைகள் உள்ள சாதாரண ஷவர் ஒன்று வாங்கினேன். எங்கள் அழுத்தத்தில் அது 9.3 லிட்டர் கொடுத்தது. சாரலும் அடர்த்தியாக இருந்தது.

பெரிய மழை ஷவரிலேயே ஏன் தண்ணீரைக் குறைக்கவில்லை என்று கேட்கலாம். முயன்றேன். எட்டு இஞ்ச் தலைக்கு 6 லிட்டர் கொடுத்தால் நடுத்துளைகளில் மட்டும் சொட்டுகிறது, சுற்றி வறண்டுவிடுகிறது. அகலமான தலைக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

9.3ஐ இன்னும் குறைக்க ஒரு வட்டு செய்தேன். ஷவர் தலை கைக்குழாயோடு (சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்) சேரும் இடத்தில் அரை இஞ்ச் மரை, உள்ளே ஒரு ரப்பர் வாஷர். அந்த வாஷருக்கு மேல் உட்காரும் அளவுக்கு மூன்று மில்லிமீட்டர் தடிமன் நைலான் தகட்டில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் துளை போட்டேன். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, துளையின் பிசிறை பிளேடால் எடுத்துவிட வேண்டும். பிசிறு இருந்தால் கீச்சென்று விசில் அடிக்கும், எனக்கு முதல் வட்டில் அடித்தது. முதலில் 4 மில்லி துளை: 5.3 லிட்டர். குளிக்கலாம், ஆனால் தலை அலச நேரமாகிறது. அதே வட்டை 5 மில்லிக்குப் பெரிதாக்கினேன்: 6.9 லிட்டர். நானும் மனைவியும் தனித்தனியாகக் குளித்துப் பார்த்து இதுவே போதும் என்றோம். மகனிடம் சொல்லாமல் இரண்டு நாள் விட்டேன், அவன் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் சொன்னேன்.

இந்த வேலையில் எனக்கு உயிர் போய் வந்த இடம் ஒன்று உண்டு. பழைய ஷவர் தலை கைக்குழாயோடு இறுகிக்கிடந்தது. பைப் ரிஞ்ச் போட்டு ஒரே திருப்பாகத் திருப்பினேன். தலை வரவில்லை, கைக்குழாயே சுவருக்குள் கால் சுற்றுச் சுற்றியது. டைல்ஸுக்குள்ளிருந்து கிரீச் என்று ஒரு சத்தம். அங்கே சுவருக்குள் பித்தளை மரை வைத்த எல்போ என்ற வளைவு இருக்கிறது, அதோடு சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாயை ஒட்டியிருப்பார்கள். அது பிளந்தால் டைல்ஸை உடைக்க வேண்டும், கீழ்வீட்டுக் கூரையில் கசியும். தண்ணீரை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் கைக்குழாயை ஒரு ரிஞ்சால் அசையாமல் பிடித்து, இன்னொரு ரிஞ்சால் தலையை மட்டும் திருப்பினேன், வந்துவிட்டது. சுவரோரம் வட்டத் தகட்டுக்கு அடியில் டிஷ்யூ பேப்பரைச் செருகி, தண்ணீரைத் திறந்து ஓர் இரவு விட்டேன். காலையில் காய்ந்தபடியே இருந்தது. அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. ரிஞ்ச் இரண்டு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ரிஞ்சின் பல் படும் இடத்தில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டால் பளபளப்பும் கீறாது. டெஃப்ளான் டேப்பை மரையின் முனை நம்மைப் பார்க்க வைத்துக்கொண்டு கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் முடுக்கும்போது உருண்டு வெளியே வந்துவிடும்.

வட்டு போட்டதும் தண்ணீர் பாதியானது. ஆனால் மகன் இன்னும் 14 நிமிடம் நின்றான். 14 நிமிடம், 6.9 லிட்டர், 97 லிட்டர். அவனிடமே கேட்டேன், உள்ளே அவ்வளவு நேரம் என்னதான் செய்கிறாய் என்று. "சோப்பு போடும்போது குழாயை மூடினா திரும்ப அந்தச் சூடு கிடைக்க மாட்டேங்குதுப்பா. அதான் ஓட விட்டுடறேன்" என்றான். எனக்கு இது தோன்றவே இல்லை. எங்களுடையது இரண்டு குமிழ் வைத்த வால்மிக்சர். சூடு ஒரு குமிழ், பச்சைத் தண்ணி ஒரு குமிழ். இரண்டையும் சரியாகத் திருகி இதமான சூட்டுக்குக் கொண்டுவர அரை நிமிடம் ஆகும். மூடினால் மறுபடி முதலிலிருந்து. பாதி நேரம் அவன் தண்ணீருக்கு வெளியே நின்று சோப்புப் போட்டுக்கொண்டிருக்க, தண்ணீர் தன்பாட்டுக்குத் தரையில் ஓடியிருக்கிறது.

இதற்கு மருந்து சின்னது. கைக்குழாய்க்கும் ஷவர் தலைக்கும் நடுவே அரை இஞ்ச் பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பி அடைக்கும் வால்வு) ஒன்று. கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் நிற்கும், திரும்பத் திருப்பினால் அதே சூட்டில் வரும். மிக்சரைத் தொடவே வேண்டாம். கை எட்டும் உயரமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். என் மனைவிக்கு எட்டவில்லை, அதனால் குட்டையான கைக்குழாய் மாற்றிப் போட்டேன். மாட்டிய அன்று மகன் வெளியே வந்து, "சூப்பர்ப்பா" என்றான். ஓடிய நேரம் ஐந்து நிமிடம்தான்.

மூன்றாம் நாள் அம்மா வாஷ்பேசினில் முகம் கழுவிக்கொண்டே கூப்பிட்டார். "தம்பி, பச்சைத் தண்ணிக் குழாயில சுடுதண்ணி வருதுப்பா." போய்க் கையை வைத்தால் உண்மைதான், வெதுவெதுப்பு. மகன் அப்போது உள்ளே வால்வை மூடி சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. மிக்சரில் இரண்டு குமிழும் திறந்திருக்கின்றன, வெளியேறும் வழி மட்டும் மேலே அடைத்திருக்கிறது. அப்படியென்றால் சுடுதண்ணிக் குழாயும் பச்சைத் தண்ணிக் குழாயும் மிக்சரின் வயிற்றுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. வீட்டில் வேறு எங்காவது பச்சைத் தண்ணிக் குழாயைத் திறந்தால் அந்தப் பக்கம் அழுத்தம் குறையும். உடனே கெய்சரிலிருந்து சுடுதண்ணி மிக்சர் வழியாக எதிர்ப்பக்கம் ஏறிவந்துவிடும். தண்ணீர் வீணாகாது, ஆனால் கெய்சர் வீணாக எரியும். மறுபடி வால்வைத் திறக்கும்போது முதலில் என்ன சூட்டில் வரும் என்று சொல்ல முடியாது. வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அது ஆபத்து.

நமக்குத் தெரிந்த ஒரு பிளம்பரை அழைத்துக் காட்டினேன். அவர் பார்த்தவுடனே, "ரெண்டு பக்கமும் என்.ஆர்.வி. போட்டுடலாம் சார்" என்றார். ஒரு பக்கம் மட்டுமே தண்ணீரை விடும் வால்வு. மிக்சர் சுவரோடு சேரும் இரண்டு கால்களிலும் ஆளுக்கொன்றாகப் போட்டார், அரைமணி நேர வேலை. அதன்பிறகு அந்தத் தொல்லை இல்லை. பால் வால்வு போடுகிறவர்கள் இதையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். என்.ஆர்.வி. போட முடியாவிட்டால், முழுக்க மூடாமல் நூலாகக் கொஞ்சம் ஒழுகவிடும் வகை வால்வும் இருக்கிறது. அதில் இந்தச் சிக்கல் குறைவு. ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும்: சேமிப்புக் கெய்சரின் சுடுதண்ணி வெளியேறும் வாயிலேயே அடைப்பு வால்வு எதையும் நீங்களாகப் போடாதீர்கள், அதிலுள்ள பாதுகாப்பு வால்வைத் தொடவும் கூடாது. சூடாகும் தண்ணீர் விரியும், அதற்கு வழி வேண்டும்.

கெய்சரைச் சொல்லும்போது இன்னொரு கணக்கு. எங்கள் கெய்சர் ஹாலுக்கு அந்தப் பக்கக் குளியலறையில் இருக்கிறது. இந்தக் குளியலறைக்கு முக்கால் இஞ்ச் குழாய் சுற்றி வர 9 மீட்டர். சூடு வருவதற்கு முன்னால் வரும் பச்சைத் தண்ணியை வாளியில் பிடித்தால் 3.5 லிட்டர். குழாய்க்குள் நிற்பது இரண்டரை லிட்டர்கூட இல்லை, மீதி குழாயே சூடாவதற்குப் போகிறது. கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதம்தான் நமக்குச் சுடுதண்ணி. சித்திரையில் மேல்தொட்டித் தண்ணியே கை வைக்க முடியாது. அந்த மூன்று மாதமும் நாங்கள் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விடாமல் குளிக்கிறோம். முதல் ஆள் பிடிக்கும் 3.5 லிட்டர் அம்மாவின் வாளிக்குப் போகிறது. இரண்டாம் ஆளுக்குக் குழாய் ஏற்கெனவே சூடாக இருக்கும்.

முன்பு மார்கழியில் கடைசியாகப் போகிறவருக்குப் பச்சைத் தண்ணிதான் கிடைக்கும். 25 லிட்டர் கெய்சர், 60 டிகிரி. அதைக் குளிக்கும் சூட்டுக்குக் கலந்தால் 70 லிட்டர் வரும். மகனுக்கு 176 வேண்டியிருந்தது, நடுவிலேயே தீர்ந்துவிடும். இப்போது மூன்று பேருக்கும் சூடு கிடைக்கிறது. 100 லிட்டர் தண்ணீரை 12 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.4 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்தக் கணக்கை உங்கள் வீட்டு எண்ணுக்குப் போட்டுப் பாருங்கள்.

நாலு மாதத்துக்குப் பிறகு மறுபடி ஒரு வாரம் அளந்தேன். கதவு மூடியிருக்கும் நேரம் இல்லை, தண்ணீர் ஓடும் நேரம். மகன் நாலே கால் நிமிடம், 29 லிட்டர். நான் மூன்றரை, 24. மனைவி நாலு, 28, தலைக்குக் குளிக்கும் நாளில் 40. அம்மா அதே ஒரு வாளி, 20. சாதாரண நாளில் மொத்தம் 101 லிட்டர். முன்பு 384. மகன் உள்ளே இருக்கும் நேரம் இன்னும் பத்து நிமிடத்துக்குக் குறையவில்லை. இருக்கட்டும், அது அவனுடைய நேரம். தண்ணீர் மட்டும் நிற்கிறது.

வாளியிலேயே குளித்தால் இத்தனை வேலை வேண்டுமா என்று அம்மா கேட்டார். வேண்டாம்தான். வாளிக் குளியலை எங்கள் ஷவரால் இன்னும் வெல்ல முடியவில்லை என்பதற்கு என் வீட்டு எண்களே சாட்சி. ஆனால் ஷவர் பழகிய பையனை வாளிக்குத் திருப்பினால் பஞ்சம் முடிந்ததும் மறுபடி ஷவருக்குத்தான் போவான், ஒரு முறை பார்த்துவிட்டேன். ஷவரையே வாளிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் என்னால் முடிந்தது.

வட்டு விஷயம் பரவி, எங்கள் கட்டடத்தில் ஆறு வீட்டில் இப்போது அளந்திருக்கிறோம். ஒரே ஷவர் தலையை எடுத்துக்கொண்டு மாடி மாடியாகப் போனதில் எனக்கே பலது தெளிவானது. நாலாம் மாடியில் தொட்டிக்கு நாலு மீட்டர்தான், அங்கே வட்டு இல்லாமலேயே 5.9 லிட்டர். அவர்களுக்கு வட்டு கூடாது, பால் வால்வு மட்டும் போதும். முதல் மாடியில் 13 மீட்டர், வட்டு இல்லாமல் 10.6 வந்தது. அங்கே 4.5 மில்லி துளை போட்டு 7க்குக் கொண்டுவந்தோம். எல்லோருக்கும் ஒரே வட்டு என்று செய்திருந்தால் மேல்வீட்டார் தூறலில் நின்றிருப்பார்கள், மறுநாளே கழற்றி எறிந்திருப்பார்கள். முதலில் வாளி, அப்புறம் துளை.

மூன்றாம் மாடியில் 7.8 வருகிறது. என் கணக்குப்படி 6 மில்லி துளை போட்டால் ஆறரை வர வேண்டும். நைலான் தகட்டில் ஒரு வட்டுக்கு இடம் மிச்சம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை மகனும் நானும் போகிறோம், வாளியையும் இரண்டு ரிஞ்சையும் எடுத்துக்கொண்டு. துளையை இந்த முறை அவன் போடுவதாகச் சொல்லியிருக்கிறான்.